நாகர்கோவிலில் கேக் ஆர்டர் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் ஆர்டர் மேசையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போது பார்வதிபுரம் பக்கம் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தது ஒன்றுதான்: கேக் ஓவனில் கெடுவது அபூர்வம். ஒன்று போனில் சொல்லும்போதே கெட்டுவிடும், இல்லையென்றால் வண்டியில் கெடும். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்.

எத்தனை கிலோ சொல்வது?

கிலோ இருக்கட்டும். எத்தனை பேர், எந்த நேரத்தில் சாப்பிடப் போகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். பிரியாணி முடித்துக் கை கழுவி வந்தவர்களுக்கு ஒரு கிலோ கேக்கைப் பதினைந்து பேருக்குப் பிரித்துவிடலாம். சாயங்காலம் நாலரை மணிக்கு விளையாடிக் களைத்து வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அதே ஒரு கிலோ எட்டு, பத்துப் பேரோடு தீர்ந்துவிடும்.

மண்டபத்தில் 200 பேர் என்றால் ஆளுக்கு 50 கிராம் வைத்தால் 10 கிலோ வரும். அதற்காகப் பத்துக் கிலோவையும் அலங்காரம் செய்து மேடையில் வைக்க வேண்டாம். வெட்டுவதற்கு 2 கிலோவில் அழகாக ஒன்று, மீதி 8 கிலோவைச் சதுரத் தட்டுகளில் அதே ருசியில், பூ வேலை இல்லாமல் பின்கட்டில் வைத்துத் துண்டு போடச் சொல்லுங்கள். பணமும் மிச்சம், பரிமாறுவதும் சீக்கிரம் முடியும். வட்டக் கேக்கைச் சமமாக வெட்டத் தெரிந்தவர் ஒரு குடும்பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

இன்னொன்று. கிரீம், பழம், சாக்லேட் எல்லாம் சேர்ந்ததுதான் எடை. ஒரு கிலோ வட்டக் கேக் ஏறத்தாழ 8 அங்குல அகலம் இருக்கும். போட்டோவில் பெரிதாகத் தெரிந்ததே என்று வாங்கும்போது கேட்காதீர்கள்.

எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும்?

சாதாரணக் கிரீம் கேக்குக்கு முந்தின நாள் போதும். சர்க்கரைப் பொம்மை, அடுக்குக் கேக் என்றால் ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். பொம்மை காய்வதற்கே நாலைந்து நாள் பிடிக்கும், மழைக்காலத்தில் அதற்கும் மேல். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டம் கூடுகிற நாட்கள் வேறு கணக்கு. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் இருக்காது என்பதால் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணமும், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் ஒன்றாக வந்து இறங்கும். ஏப்ரல், மே முழுக்க அப்படித்தான். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடிகிறது. அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் ஆர்டர் ஆரம்பித்துவிடும். டிசம்பர் 20க்குப் பிறகு போன் செய்தால் எந்த பேக்கரியிலும் எடுக்க ஆள் கிடைக்காது, நேரில் போங்கள்.

கூல் கேக், ஐஸ் கேக், கிரீம் கேக், பட்டர் கிரீம்: என்ன வித்தியாசம்?

முதல் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். பிரிட்ஜில் வைத்து விற்பதால் கூல் கேக், ஐஸ் கேக் என்று பெயர் வந்துவிட்டது. ஐஸ்கிரீம் அதில் கிடையாது.

கவனிக்க வேண்டியது மேலே பூசுகிற கிரீமைத்தான். கடைகளில் அதிகம் புழங்குவது தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். அது பாலில் கடைந்த கிரீம் அல்ல. குறையாகச் சொல்லவில்லை, பால் கிரீமைவிட அதுதான் நம் வெயிலைத் தாங்கும். பால் கிரீமில் ருசி அதிகம், ஆனால் ஏசி இல்லாத கூடத்தில் கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்து வழியும். எண்பதுகளில் பிறந்தவர்களுக்குப் பழைய பட்டர் கிரீம் கேக் ஞாபகம் இருக்கும். ரோஸ் நிறத்தில் கெட்டியான பூ, வாயில் போட்டால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். அது பெரும்பாலும் வெண்ணெயே அல்ல, வனஸ்பதி. ஆனால் குளச்சல் வெயிலில் மத்தியானம் முழுக்க வைத்தாலும் அசையாது. அசல் வெண்ணெயில் செய்த பட்டர் கிரீம் அந்த வெயிலில் இளகிவிடும்.

பாண்டன்ட் என்பது சர்க்கரை மாவு மாதிரி உருட்டிப் போர்த்துவது. பார்க்க வழவழவென்று அம்சமாக இருக்கும். கடற்கரை ஊர்களில் அதற்கு ஒரு எதிரி உண்டு, காற்றில் இருக்கும் ஈரம். பிரிட்ஜில் இருந்து எடுத்து வெளியே வைத்த கொஞ்ச நேரத்தில் வியர்த்துப் பிசுபிசுக்கும், கறுப்பும் சிவப்பும் கரைந்து ஓடும். முட்டத்திலோ கடியபட்டணத்திலோ திறந்த பந்தலில் விசேஷம் என்றால் பாண்டன்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாக்லேட்டும் கிரீமும் உருக்கிச் சேர்த்த கனாஷ் பூச்சு கேளுங்கள். தாங்கவும் செய்யும், ஆட்கள் ஒதுக்கி வைக்காமல் தின்னவும் செய்வார்கள். பாண்டன்ட்டைப் பாதிப் பேர் உரித்துத் தட்டோரம் வைத்துவிட்டுப் போவதை எத்தனை மண்டபத்தில் பார்த்திருக்கிறேன்!

பெயரில் தப்பு வராமல் இருக்க என்ன செய்வது?

போனில் சொல்லவே சொல்லாதீர்கள். அஜின், ஜெபின், ஷெபின், விபின், பிபின் என்று நம் மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். மிக்சி ஓடுகிற கடையில் இதைப் போனில் கேட்டுப் புரிந்துகொள்ள தெய்வத்தால்தான் முடியும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதி அனுப்பினாலும் விபரீதம் நடக்கலாம். பேக்கரியில் நான் இருந்தபோது ஒருவர் ‘ஜெனி, ரோஸ் கலர்’ என்று ஒரே வரியில் அனுப்பியிருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் அழகாக ‘ஜெனி ரோஸ்’ என்று எழுதி வைத்துவிட்டான். கடற்கரைக் குடும்பம். ரோஸ் என்பது அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர். வந்தவர்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, பிள்ளையின் பாட்டி மட்டும் ‘எனக்குத் தெரியாமல் எப்போ பேரை மாத்துனிய?’ என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பெயர் ஒரு வரி, நிறம் ஒரு வரி, எடை ஒரு வரி என்று தனித்தனியாக வாங்கிக்கொள்கிறேன்.

முட்டை போடாத கேக் உண்மையிலேயே முட்டை இல்லாததா?

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முட்டைக்குப் பதிலாகத் தயிர், கண்டென்ஸ்டு மில்க், சோடாவும் வினிகரும் என்று ஏதாவது ஒன்று போடுவோம். பதம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அடுத்த நாள் முட்டைக் கேக்கைவிடச் சீக்கிரம் உலரும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடும் வீடுகளில் இருந்து இந்த ஆர்டர்தான் அதிகம் வரும். அவர்களில் பலர் கேட்கிற அடுத்த கேள்வி, ‘தட்டும் கரண்டியும் தனியா?’ நான் தனியாக வைத்திருக்கிறேன். எல்லாக் கடையிலும் அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் வரும் கேக்கில் அடையாளம் பார்க்கலாம். முட்டை சேர்த்திருந்தால் பழுப்பு முக்கோணம், இல்லையென்றால் பச்சை வட்டம்.

ஹலால் பார்க்கிறவர்கள் எதைக் கேட்க வேண்டும்?

இரண்டு விஷயம். ஜெலட்டின், மது. மூஸ், சில சீஸ் கேக், மார்ஷ்மெல்லோ, சில வகை பாண்டன்ட் இவற்றில் ஜெலட்டின் வரும். அது மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. கடற்பாசியில் செய்யும் அகர் அகர் போட்டுத் தரச் சொல்லலாம். பிளாக் பாரஸ்ட் கேக் ஜெர்மனியில் செர்ரிச் சாராயம் தெளித்துச் செய்வது. நம் ஊரில் பொதுவாகச் சர்க்கரைப் பாகுதான். ஆனாலும் கேளுங்கள். இடலாக்குடியில் இருந்தும் தக்கலையில் இருந்தும் வருகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுவார்கள், எனக்கும் வேலை சுலபம்.

பேக்கரியில் வாங்கலாமா, வீட்டில் செய்கிறவர்களிடம் கொடுக்கலாமா?

நான் இப்போது வீட்டில் செய்கிறவன், ஆகவே என் பதிலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். அவசரம், நிறைய எடை, ராத்திரி எட்டு மணிக்கு ஞாபகம் வந்த பிறந்தநாள், இதற்கெல்லாம் பேக்கரிதான். நான் ஒரு நாளில் நாலு கேக்குக்கு மேல் எடுப்பதில்லை. கரண்ட் போனாலும் அவர்களிடம் ஜெனரேட்டர் இருக்கும், என்னிடம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, இனிப்பு குறைய வேண்டும், மட்டிப்பழம் போட்டுச் செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்டால் காது கொடுத்துக் கேட்பவர்கள் வீட்டுக்காரர்கள்தான். மட்டிப்பழக் கேக் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் எசென்ஸ் போட்ட பனானா கேக்கைத் தொட மாட்டீர்கள்.

எங்கே கொடுத்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது அரசின் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், இருக்கிறதா என்று பாருங்கள். 14 இலக்கம். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அந்தப் பதிவு வேண்டும். கேட்டால் கோபப்படுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

ஷோகேஸில் இருக்கும் கேக் பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரீமின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு, செர்ரியைச் சுற்றிச் சிவப்புக் கறை, அட்டையில் எண்ணெய் ஊறிய வட்டம். மூன்றில் ஒன்று இருந்தாலும் வேறு கேட்கலாம்.

விலை ஏன் கடைக்குக் கடை இவ்வளவு வித்தியாசம்?

கிரீம் எது, சாக்லேட் அசலா காம்பவுண்டா, கைவேலை எவ்வளவு நேரம். இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது காம்பவுண்டு. விலை பாதியாகும், நாக்கில் உருகுவதும் பாதியாகும். பட்டர்ஸ்காட்ச், பைனாப்பிள் மலிவு. ரசமலாய், ரெட் வெல்வெட், பிஸ்தா எல்லாம் ஏறும். பெயர் மட்டும் மாறி உள்ளே அதே வெனிலா ஸ்பான்ஜ் இருந்தால் அதற்கு நீங்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? ஒரு துண்டு ருசி பார்க்கக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான வரி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முன்பணமாகப் பாதி கொடுப்பது வழக்கம். சீட்டில் தேதியும் எடையும் எடுக்கும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். பாண்டன்ட் பொம்மை செய்ய ஆரம்பித்த பிறகு ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. அதில் நியாயம் இருக்கிறது.

இணையத்தில் பார்த்த படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ கேட்கலாமா?

தாராளமாகக் காட்டுங்கள். அந்தப் படத்தில் இருப்பது எந்தக் குளிர் நாட்டில் செய்த கேக் என்று யோசித்துவிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. அடர் கறுப்பு, அடர் நீலம், ரத்தச் சிவப்பு வேண்டுமென்றால் கிரீமில் நிறையச் சாயம் கலக்க வேண்டும். கசக்கும். பல்லும் உதடும் நிறம் மாறி, குரூப் போட்டோவில் எல்லாரும் நாவல்பழம் தின்றவர்கள் மாதிரி நிற்பார்கள். கறுப்புக்குக் கொக்கோவும் சாக்லேட்டும் வழி இருக்கிறது. மற்ற நிறங்களுக்கு வெளிர் நிறமே போதும் என்பது என் கட்சி.

போட்டோ கேக் கேட்டால் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் முகம் கலங்கித் தெரியும்.

கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் கேட்டோம், அடியில் தெர்மோகோல் இருந்தது. ஏமாற்றா?

முதலிலேயே சொல்லியிருந்தால் ஏமாற்று இல்லை. உயரமாகத் தெரிய வேண்டும், விலையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் ஒரு அடுக்கு கேக், மற்றவை தெர்மோகோல் மேல் பூச்சு என்பது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான். எது அசல், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதை மாப்பிள்ளை பெண் இருவரிடமும் யாராவது காதில் சொல்லிவிட வேண்டும். மேடையில் பாட்டு ஓட, மாப்பிள்ளை தெர்மோகோலைக் கத்தியால் அறுத்துக்கொண்டு நின்றதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். வீடியோவில் அந்தச் சத்தம்கூடக் கேட்கும்.

கேக்கை வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவது?

இதற்குத்தான் எல்லாரும் கடைசியில் வருகிறார்கள், இதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர், மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர் போல. தூரம் பெரிதில்லை. ஆனால் பள்ளிக்கூடம், கோவில், சந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகத்தடை, அதில் பாதிக்கு வெள்ளை அடித்திருக்காது.

கார் என்றால் மடியிலும் வேண்டாம், சீட்டிலும் வேண்டாம். சீட் பின்பக்கம் சரிந்திருக்கும், கேக்கும் சரியும். முன்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடம்தான் சமதளம். அங்கே ஈரத் துண்டை விரித்து அதன் மேல் பெட்டியை வையுங்கள், நகராது. ஏசியை அந்தப் பக்கம் திருப்புங்கள். முன்சீட்டில் இருப்பவர் பின்னால் போகட்டும். கிளம்பும் வரை கேக் பிரிட்ஜில் இருக்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்த கேக் கல் மாதிரி நிற்கும், வெளியே வைத்துக் குளிர் விட்ட கேக் முதல் வளைவிலேயே சாயும்.

பைக்கில் அரைக் கிலோ வரை சரி. பின்னால் ஒரு ஆள் இரண்டு கையாலும் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கவரில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போகிறவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை, ஆர்டர் சீட்டில் ‘வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று எழுதிவிடுவேன். சுவிக்கி, சொமேட்டோவில் வரவழைப்பதும் பைக்தான் என்பதால் உயரம் குறைந்த, மேலே பொம்மை இல்லாத கேக்காகப் பார்த்து எடுங்கள். பஸ் என்றால் பின்சக்கரத்துக்கு மேலே உட்காராதீர்கள்.

அடுக்குக் கேக்கை அடுக்காமல் தனித்தனிப் பெட்டியில் கொண்டு போய் அங்கே அடுக்க வேண்டும். செய்தவரே வந்து அடுக்கித் தருவாரா என்று ஆர்டரின்போதே கேளுங்கள்.

வழியில் சாய்ந்துவிட்டால்? பதற வேண்டாம். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஓரத்தை வழித்துவிடுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் சாக்லேட் துருவலோ முந்திரித் தூளோ தூவுங்கள். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தால் வேலை முடிந்தது.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் அம்மாவின் பிறந்தநாளுக்கு அங்கிருந்தே ஏற்பாடு செய்ய முடியுமா?

என் ஆர்டரில் கணிசமான பகுதி இப்படி வருவதுதான். பணத்தை முன்பே அனுப்பிவிடுங்கள். நேரத்தை இந்திய நேரத்தில் சொல்லுங்கள். நமக்கு ராத்திரி 12 மணி என்றால் உங்களுக்கு பத்தரை. முகவரியில் வீட்டு எண் எழுதி அனுப்புகிறார்கள், கிராமத்தில் அதை யாருக்கும் தெரியாது. ‘குருசடியில் இருந்து மேற்கே மூணாவது வீடு, வாசலில் பலா மரம்’ என்று எழுதினால் பையன் நேரே போய்விடுவான். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். ஒரு தடவை அம்மாவுக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தவரின் கேக்கை, ‘நாங்க ஆர்டர் பண்ணல மக்களே, வீடு மாறி வந்துட்டே’ என்று அம்மாவே திருப்பி அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக் எப்போது சொல்ல வேண்டும்? அதில் ரம் இருக்குமா?

பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. உலர் திராட்சைக்கு இங்கிலாந்தில் முன்பு அந்தப் பெயர் இருந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்துக்கு இந்தக் கேக் வந்த கதையாகச் சொல்லப்படுவது தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு ஆங்கிலேயத் தோட்டக்காரருக்குச் செய்து கொடுத்தது.

உலர் பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறவைப்பது ஒரு முறை. திராட்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறில் ஊறவைப்பது இன்னொரு முறை. கிறிஸ்தவச் சபை வீடுகள் பலவற்றில் இரண்டாவதுதான் கேட்பார்கள், நான் இரண்டையும் தனித்தனி ஜாடியில் நவம்பரிலேயே போட்டுவிடுவேன். கேக்கை டிசம்பர் முதல் வாரத்தில் சொன்னால் நிதானமாகச் செய்ய முடியும். இந்தக் கேக்குக்கு அவசரம் ஆகாது, செய்து ஒரு வாரம் கழித்துத்தான் ருசியே கூடும். பிரிட்ஜ் வேண்டாம், காற்றுப் புகாத டப்பா போதும்.

கிராம்பை மட்டும் கடையில் தூளாக வாங்காதீர்கள், அப்படிச் செய்பவரிடமும் வாங்காதீர்கள். நம் மலையில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நாலு கிராம்பை இடித்துப் போட்டால் ஓவனைத் திறக்கும்போது பக்கத்து வீட்டு மயினி எட்டிப் பார்ப்பார். முந்திரிக்கும் நாம் வெளியே போக வேண்டியதில்லை.

கன்னியாகுமரி கடற்கரையில் சூரியன் மறையும்போது கேக் வெட்ட ஆசை. முடியுமா?

வெட்டலாம், மெழுகுவர்த்திதான் எரியாது. அந்தக் காற்றில் பெட்டி மூடியே பறக்கும், மணல் கிரீமில் ஒட்டும். கப் கேக் கொண்டு போங்கள். ஆரல்வாய்மொழி பக்கம் மொட்டைமாடி விசேஷங்களுக்கும் இதே பதில்.

நுரை ஸ்பிரே அடிப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தி எரியும்போது அதை அடித்தால் சட்டென்று தீப்பிடிக்கும். பிள்ளை முகத்துக்கு நேராகவா அதைச் செய்வது?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுகர்ப்ரீ கேக் நல்லதா?

சர்க்கரை போடாவிட்டாலும் மைதா இருக்கிறது, அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போகும். நல்ல கேக்கில் சின்னத் துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்பதே மேல்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

கிரீம் கேக்கை வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். மேலே பச்சைப் பழம் இருந்தால் அடுத்த நாளே முடித்துவிடுங்கள். மூடாமல் வைக்கக் கூடாது, கிரீம் பக்கத்தில் இருக்கும் வாசனையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் மீன் இல்லாத பிரிட்ஜ் ஏது?